சம்பளச் சீட்டு இல்லாத உயிர்

சாலை விபத்தில் ஒருவர் இறந்தால் அவர் குடும்பத்துக்கு எவ்வளவு தரவேண்டும் என்பதை மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் ஒரு பெருக்கல் கணக்கால் முடிவு செய்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 'நியாயமான இழப்பீடு' என்று சொன்னதோடு நிறுத்திக்கொண்டது. எது நியாயம் என்பது நீதிபதிக்கு நீதிபதி மாறியது. அதைச் சீர்செய்ய 2009இல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வயதுவாரிப் பெருக்கல் எண் அட்டவணை ஒன்றை வகுத்தது. 2017இல் பிரணய் சேத்தி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ஏற்று, எதிர்கால வருமான உயர்வுக்கும் விகிதம் வகுத்தது.

35 வயதுக் கொத்தனார் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாத வருமானம் 15,000 ரூபாய். நாற்பது வயதுக்குக் கீழ், சுயதொழில் என்பதால் 40 சதவீதம் கூட்டினால் 21,000. மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என்று நான்கு பேர் அவரை நம்பியிருந்தால், அவருடைய சொந்தச் செலவுக்காகக் கால்பங்கு கழியும். மீதி 15,750. ஆண்டுக்கு 1,89,000. அந்த வயதுக்குரிய பெருக்கல் எண் 16. ஆக, 30,24,000 ரூபாய். ஈமச்சடங்குச் செலவு போன்ற சில்லறைத் தலைப்புகள் தனி.

இந்த முறையின் பலம் சாதாரணமானதல்ல. தீர்ப்பு வரும் முன்பே வக்கீலும் காப்பீட்டு நிறுவனமும் ஏறத்தாழ ஒரே தொகைக்கு வந்துவிட முடிகிறது. லோக் அதாலத்தில் பல வழக்குகள் முடிவதற்கு இது கைகொடுக்கிறது. கொத்தனாருக்கு வயது 36 ஆகியிருந்தால் எண் 15 ஆகி, ஓராண்டுத் தொகை குறையும். இதைப் பெரிய குறையாக நான் நினைக்கவில்லை. அட்டவணை என்று வந்தால் எங்காவது கோடு போட்டுத்தான் ஆகவேண்டும். வாழ்க்கைத்துணையை இழந்ததற்கு 40,000 ரூபாய், மூன்றாண்டுக்கு ஒருமுறை 10 சதவீத உயர்வு என்ற ஏற்பாடும் கல்நெஞ்சாகத் தோன்றும். ஆனால் துயரத்தை அளந்துவிட்டதாக நடிப்பதைவிட, அடையாளத் தொகை ஒன்றைக் கொடுத்து ஒதுங்குவது நாணயமானது.

கோளாறு கணக்கின் முதல் வரியில் இருக்கிறது. அந்த 15,000 எங்கிருந்து வந்தது? அரசு ஊழியருக்குச் சம்பளச் சீட்டு உண்டு, வியாபாரிக்கு வருமான வரிக் கணக்கு உண்டு. வாரக்கூலி வாங்கிய கொத்தனாருக்கு எதுவுமில்லை. அவர் மனைவி கூண்டிலேறி ஒரு தொகையைச் சொல்வார், "அதற்கு ஆவணம் இருக்கிறதா?" என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். இல்லை என்றதும் தீர்ப்பாயமே ஒரு வருமானத்தை அனுமானிக்கும். அந்த அனுமானத்தில் குறைகிற ஒவ்வொரு ஆயிரமும் இந்தக் கணக்கில் இரண்டு லட்சத்துக்கு மேல் குறைக்கிறது. அதன்பின் வரும் படிகள் எவ்வளவு துல்லியமாக இருந்து என்ன பயன்?

உச்ச நீதிமன்றத்துக்கு இது தெரியாததல்ல. 2008இல் விபத்துக்குள்ளான காய்கறி வியாபாரி ஒருவரின் வழக்கில், இப்படிப்பட்டவரிடம் வருமானச் சான்று எதிர்பார்க்க முடியாது என்று கூறி, தீர்ப்பாயம் போட்ட 3,500 ரூபாயை 2014இல் 6,500 ஆக உயர்த்தியது. வேடிக்கை என்னவென்றால், ஒரு மனிதருக்காகச் சொன்ன அந்த 6,500 பிறகு வேறு வழக்குகளிலும் அளவுகோலாக எடுத்துக்காட்டப்பட்டது.

சம்பளமே இல்லாத இல்லத்தரசியின் நிலை இன்னும் மோசமாக இருந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்டிருந்த பழைய அட்டவணை ஒன்று அவருக்குக் கணவர் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் மதிப்பாக வைத்தது. அதே சமையலும் அதே பராமரிப்பும் கணவரின் சம்பளத்தைப் பொறுத்து விலை மாறும். 2001இல் லதா வாத்வா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த உழைப்புக்கு மாதம் 3,000 ரூபாய் என்றது. 2009இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன், வீட்டு வேலையின் பொருளாதார மதிப்பை விரிவாகவே ஆராய்ந்து தீர்ப்பெழுதினார். 2021இல் கீர்த்தி வழக்கில், இல்லத்தரசிக்கு அனுமானிக்கும் வருமானத்தோடும் எதிர்கால உயர்வைச் சேர்க்கலாம் என்றானது. ஆனாலும் தொடக்கத் தொகை இன்னும் அனுமானம்தான்.

பெருக்கல் எண் அப்படியே இருக்கட்டும். மாறவேண்டியது நிரூபிக்கும் சுமை. கட்டுமானத் தொழிலாளியின் நலவாரிய அட்டை தொழிலுக்குச் சான்று, கூலிக்கு அல்ல. அந்த அட்டையோடு, விபத்து நடந்த ஆண்டில் அந்த ஊரில் நிலவிய கூலியைத் தீர்ப்பாயம் தானே விசாரித்து எடுத்துக்கொள்ளட்டும். அந்தக் கூலியை அவர் வாங்கவில்லை என்றால், ஆவணம் காட்டவேண்டியது காப்பீட்டு நிறுவனம்.