வெயிலுக்கு எதிரே ஒரு கேமரா

என் லேப்டாப் முகப்பில் நாலு வருஷம் என்சலடஸ் இருந்தது. சனிக் கோளின் சின்ன நிலா, குறுக்களவு சுமார் 500 கிலோமீட்டர். வெள்ளை உருண்டை, தெற்கே நகத்தால் கீறினதுபோல நீலப்பச்சைக் கோடுகள். காசினி விண்கலம் 2005 ஜூலையில் எடுத்த படம். ஒருநாள் அதன் படக்குறிப்பை முழுசாகப் படித்தேன். புற ஊதா, பச்சை, அகச்சிவப்பு ஃபில்டர்களில் எடுத்ததைச் சேர்த்து உண்டாக்கிய நிறம் என்று தெளிவாகவே போட்டிருந்தார்கள். நேரில் போய் நின்றால் அந்த நீலம் நம் கண்ணுக்கு அப்படித் தெரியாது. ‘ஏமாத்திட்டாங்களே’ன்னுதான் முதலில் தோன்றியது.

அந்தக் கோபத்துக்கு ஒரு பின்கதை உண்டு. கல்லூரி முடித்ததும் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் செய்யும் வேலையில் இருந்தேன். “தம்பி, பொண்ணு முகத்தைக் கொஞ்சம் தூக்கிவிடு” என்பார் உரிமையாளர். தூக்குவது என்றால் வெளுப்பது. எத்தனையோ கருத்த முகங்களை அப்படித் தூக்கிவிட்டிருக்கிறேன். ஆல்பம் வாங்க வந்த பெண் ஒருத்தி, நாலு பக்கம் புரட்டிவிட்டு, “இது எங்க அக்கா மாதிரி இருக்கு” என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை. பணத்தைக் கட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அதனால் சனியின் நிலாக்களைப் பார்க்கும்போதும் எனக்கு இந்தச் சந்தேகம் போகாது: இதில் யார் எதைத் தூக்கிவிட்டிருக்கிறார்கள்?

காசினியின் கேமராவைப் பற்றிப் படித்தபோது என் கேள்வியே கொஞ்சம் தப்பு என்று புரிந்தது. அதன் உணரி கறுப்பு வெள்ளை மட்டும் அறியும். 1024க்கு 1024 புள்ளிகள். நம் போனைவிட எவ்வளவோ குறைச்சல். முன்னால் ஃபில்டர் சக்கரங்கள் சுழலும். சிவப்பில் ஒன்று, பச்சையில் ஒன்று, நீலத்தில் ஒன்று என்று தனித்தனியாக எடுத்து, பூமியில் வைத்துச் சேர்க்க வேண்டும். அதற்குள் விண்கலம் நகர்ந்திருக்கும், நிலாவும் நகர்ந்திருக்கும். அதாவது ‘இயல்பான நிறம்’ என்று நாம் நம்பும் படமும் தைத்து எடுத்த துணிதான். என்சலடஸின் நீலக் கோடு, அந்தப் பிளவுகளில் இருக்கும் பனி சுற்றியுள்ள பனியைவிடப் பருமணலாக இருப்பதைக் காட்டுகிறது. நான் ஆல்பத்தில் போட்ட வெளுப்பு எதையும் காட்டவில்லை, இருந்ததை மறைத்தது. போதாக்குறைக்கு, அவர்கள் செய்ததைக் கீழே எழுதிவைத்தார்கள். நாங்கள் எழுதவில்லை.

எனக்கு நிஜமான வழக்கு நிறத்தோடு இல்லை, உவமையோடு. மிமாஸ் என்ற நிலாவின் மேல் ஹெர்ஷல் பள்ளம் இருக்கிறது. சுமார் 400 கிலோமீட்டர் உருண்டையில் 130 கிலோமீட்டர் அகலக் குழி. உடனே எல்லாரும் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் டெத் ஸ்டார் என்பார்கள். படம் வந்தது 1977இல். வாயேஜர் அந்தப் பள்ளத்தைக் காட்டியது 1980இல். ஹைப்பீரியன் என்றால் பஞ்சு. 2017 மார்ச்சில் பான் படம் வந்தபோது மேற்கே ரவியோலி என்றார்கள், நான் கொழுக்கட்டை என்று எழுதி லைக் வாங்கினேன். அதற்குமேல் அந்தப் படத்தை நான் பார்க்கவே இல்லை என்பதுதான் விஷயம். பானின் நடுவில் ஓடும் அந்த மெல்லிய விளிம்பு, வளையத்தின் துகள்கள் வந்து படிந்து சேர்ந்த மேடு. ஒரு நிலா தன் அக்கம்பக்கத்தை உடுத்திக்கொண்டு நிற்கிறது. கொழுக்கட்டை என்று சொன்ன வாய்க்கு அது தெரியவில்லை.

எல்லாவற்றிலும் எனக்குப் பெரிய படம் 2005 நவம்பரில் எடுத்ததுதான். கிட்டத்தட்ட முழுக்க இருட்டு. ஓரத்தில் மெல்லிய பிறை. அதன் அடியிலிருந்து புகைபோல நீர்த்தாரைகள் விண்வெளிக்குள் பீறிடுகின்றன. ஸ்டூடியோவில் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம், வெயிலுக்கு எதிரே கேமராவைத் திருப்பாதே என்பது. இந்தப் படம் வெயிலுக்கு எதிரே திருப்பியதால்தான் கிடைத்தது. ஓட்டு வீட்டுக் கூரையின் ஓட்டை வழியே வெயில் இறங்கும்போது, எதிரில் உட்கார்ந்தவருக்குத் தூசி மினுங்கும். வெயிலை முதுகில் வாங்கியவருக்கு அவ்வளவாகத் தெரியாது. நுண்துகள் ஒளியைப் பெரும்பாலும் முன்பக்கமாகவே சிதறடிக்கும். என்சலடஸின் பனித்துகளும் அப்படித்தான். நேர் வெளிச்சத்தில் அது சும்மா ஒரு வெள்ளைப் பந்து. இந்தப் படத்துக்கு வானவில் நிறம் ஏற்றிய பதிப்பும் உண்டு. தாரைகளின் மங்கலான பகுதியைக் காட்ட உதவும், ஆனால் அந்த அமைதியைக் கெடுத்துவிடுகிறது. இது என் கட்சி.

2008 ஆகஸ்டில் இதே நிலாவை நெருங்கிப் போனபோது இன்னொரு சிக்கல். மணிக்கு சுமார் 64,000 கிலோமீட்டர் வேகம். கேமராவுக்குத் தனியாகத் திரும்பும் கழுத்து கிடையாது, விண்கலமே திரும்ப வேண்டும். அந்த வேகத்துக்கு அது ஈடுகொடுக்காது. ஆகவே முன்கூட்டியே சுழலவிட்டு, நிலா குறுக்கே கடக்கும் அந்தக் கணங்களில் சுட்டார்கள். பறவையைச் சுடுகிறவன் பறவைக்கு முன்னால் குறிவைப்பதுபோல. பூமிக்கு அங்கிருந்து ஒளி வந்து சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். “இப்ப கிளிக் பண்ணு” என்று சொல்ல ஆளே இல்லை.

கடைசியாக அயபெட்டஸ். 1671இல் ஜொவான்னி காசினி கண்டுபிடித்தது. சனிக்கு ஒரு பக்கம் போனால் தெரிகிறது, மறுபக்கம் போனால் காணாமல் போகிறது என்று குழம்பியவர், பாதி கறுப்பாக இருக்க வேண்டும் என்று ஊகித்தார். அவர் பெயர்கொண்ட விண்கலம் 2007 செப்டம்பரில் பக்கத்தில் போய்ப் பார்த்தது. ஒரு பக்கம் பனி, மறுபக்கம் கரி. வெள்ளைக்கு ஏற்றபடி எடுத்தால் கறுப்பில் ஒன்றுமே தெரியாது. கறுப்புக்கு ஏற்றபடி எடுத்தால் வெள்ளை வெந்துபோகும். கல்யாண குரூப் போட்டோ எடுத்த எவனுக்கும் தெரிந்த தலைவலி. நாங்கள் எப்போதும் வெள்ளையின் பக்கம் நின்றோம். இவர்கள் கறுப்புக்கென்று தனியாக நேரம் ஒதுக்கினார்கள். அந்தக் கறுப்புக்குள் பள்ளங்கள் இருந்தன, நடுக்கோட்டோடு ஓடும் மலைத்தொடர் இருந்தது, சில இடங்களில் 20 கிலோமீட்டர் உயரம்.

இப்போது என் முகப்பில் இருப்பது 2017 செப்டம்பர் 13இல் எடுத்த ஒரு படம். சனியின் விளிம்புக்குப் பின்னால் என்சலடஸ் மறைகிறது. இரண்டு நாளில் காசினி சனிக்குள் விழுந்து எரிந்தது. அக்கா மகள் பார்த்துவிட்டு, “மாமா, ஸ்கிரீன்ல ஏதோ புள்ளி ஒட்டியிருக்கு” என்று துடைக்க வந்தாள்.