மேடலினும் மணியும்

நந்தனம் புத்தகக் காட்சியில் ஸ்ரபானி பாசுவின் 'ஸ்பை பிரின்சஸ்' (2006) கண்ணில் பட்டால் விடாதீர்கள். திப்பு வம்சத்து நூர் இனாயத் கான், 1943-ல் 'மேடலின்' என்ற பெயரில் பிரான்சுக்குள் இறங்கி லண்டனுக்கு ரேடியோ தட்டிய கதை. மறு வருஷம் டாகாவ் முகாமில் சுட்டுக்கொன்றார்கள். அனுப்பிய செய்திகளை நூர் நோட்டில் எழுதிவைத்ததையும், அது ஜெர்மானியர் கையில் சிக்கியதையும் பாசு மறைக்கவில்லை. பூசி மெழுகாததால்தான் நூர் மனுஷியாகத் தெரிகிறார்.

நம்ம சரஸ்வதி ராஜாமணிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பையன் வேஷத்தில், 'மணி'யாக, ஐ.என்.ஏ.வுக்காக பிரிட்டிஷ் முகாம்களில் வேவு பார்த்ததாகச் சொன்னவர். 2018-ல் சென்னையில் காலமானார். நான் படித்த பேட்டிகளில் நேதாஜிக்கு நகை கொடுத்ததும், காலில் பாய்ந்த குண்டும்தான் திரும்பத் திரும்ப. 1942 முதல் 45 வரை ரங்கூன் ஜப்பான் கையில். அப்புறம் எந்த ஊர் முகாம்? என்ன தகவல், யாரிடம் கொடுத்தார்? பாட்டியிடம் உட்கார்ந்து கேட்டிருக்கலாமே!