பனிக்கு எத்தனை மார்க்?

மஞ்சூரில் ஒரு ஜனவரி காலை. புல்வெளி முழுக்க உப்புத் தூவியது போல வெள்ளை. ஆஹா என்று கேமராவைத் தூக்கினேன். பக்கத்தில் நின்ற தேயிலை விவசாயி, "பனி விழுந்துடுச்சுங்க" என்றார். சாவுச் செய்தி சொல்கிற குரல். கொழுந்து கருகினால் வருமானம் போச்சு. ஒரே வார்த்தை, எனக்கு வரவு, அவருக்கு நஷ்டம். (பி.காம். புத்தி!)

வார்த்தைகளின் உணர்ச்சிக்குக் கணக்கு எழுத இணையத்தில் கருவிகள் இருக்கின்றன. ஸ்பானிஷுக்கு 'இமோஃபைண்டர்'. ஒரு சொல்லைக் கொடுத்தால் அது இனிக்கிறதா கசக்கிறதா, எவ்வளவு உலுக்குகிறது, பயமா கோபமா என்று மார்க்கோடு சொல்லும். மார்க் போட்டவர்கள் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். அதுதான் விசேஷம்.

தமிழுக்கு? கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் உணர்ச்சி அகராதி தமிழிலும் கிடைக்கிறது. எட்டு உணர்ச்சிகள். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் சொன்னதும் எட்டுதானே என்று சந்தோஷப்பட்டேன். அவசரம். ஆங்கிலச் சொற்களுக்கு விழுந்த ஓட்டு அது. சொல்லை மட்டும் கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழாக்கி, ஓட்டை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பையனின் ரிப்போர்ட் கார்டில் நம் பையன் பெயர்! மொழிபெயர்ப்பில் பிழை இருக்கலாம் என்று செய்தவர்களே எச்சரிக்கிறார்கள். அந்த நேர்மைக்கு ஒரு வணக்கம்.

பிழையே இல்லை என்றாலும் சிக்கல் தீராது. ஸ்நோ, ஃப்ராஸ்ட், ட்யூ மூன்றும் பேச்சில் நமக்குப் பனிதான். எந்த மார்க்கை ஒட்டுவது? 'தாயகம்' இன்னும் கஷ்டம். 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்தவர்களுக்கு அரசு வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. பலர் பிறந்த மண்ணோ அந்தப் பக்கம். அவர்கள் காதில் அந்தச் சொல் எவ்வளவு இனிக்கும்?

இது பண்டிதர் விளையாட்டு இல்லை. எழுதியது புகாரா பாராட்டா என்று தரம் பிரிக்கும் புரோகிராம்கள் சில இத்தகைய பட்டியல்களை நம்புகின்றன. "பனி விழுந்துடுச்சு" என்ற மனு மகிழ்ச்சிக் கட்டில் போய் விழுந்தால்?

செய்ய வேண்டியது சிம்பிள். நம் ஜனங்களைக் கேளுங்கள்; டூரிஸ்டை மட்டுமல்ல, தோட்டத்துக்காரரையும். கேட்டதைச் சராசரியில் கரைத்துவிடாதீர்கள். பனிக்கு நான் 9 போடுவேன், அவர் 1. சராசரி 5. அந்த 5 எங்கள் இருவரில் யாருடையதும் இல்லை.