ஏரிக்கு ஓட்டு இல்லை

உங்கள் தொகுதி எம்.எல்.ஏ. சட்டசபையில் கடைசியாக எதைப் பற்றிப் பேசினார் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாதென்றால் நீங்கள் மட்டுமில்லை, நம்மில் பலரும் அப்படித்தான். சாக்கடை அடைப்பு, பள்ளிக்கூட சீட், சிபாரிசுக் கடிதம்... இதற்கெல்லாம் அவரைத் தேடுகிறோம். அவரும் அதுதான் தன் வேலை என்று இருந்துவிடுகிறார். நாம் அவரை அனுப்பியது சட்டம் செய்வதற்கு என்பது இரண்டு தரப்புக்குமே மறந்துபோகிறது.

சுற்றுச்சூழல் விஷயத்தில் அந்தச் சட்டம் செய்கிற வேலை எப்படி நடக்கிறது? ஒரே ஒரு மாதத்தை எடுத்துப் பார்ப்போம். 2023 ஏப்ரல்.

காவிரி டெல்டாப் பகுதியில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே என்று மூன்று இடங்களை மத்திய அரசு நிலக்கரி ஏலப் பட்டியலில் சேர்த்திருந்தது. ஏப்ரல் 5-ம் தேதி சட்டசபை கொதித்தது. கட்சி பேதம் இல்லாமல் எதிர்த்தார்கள். ஏப்ரல் 8-ம் தேதி மூன்று இடங்களையும் பட்டியலிலிருந்து நீக்குவதாக மத்திய அரசு அறிவித்தது. நம் சட்டசபை வாய் திறந்தால் காரியம் நடக்கும் என்பதற்கு இது ருசு. சபாஷ் போடலாம்.

அதே மாதம் 21-ம் தேதி, கூட்டத் தொடரின் கடைசி நாள். கடைசி நாளில் மசோதாக்கள் கல்யாணப் பந்தியில் அப்பளம் போடுகிற வேகத்தில் நிறைவேறும். அன்று நிறைவேறியவற்றில் இரண்டைக் கவனியுங்கள்.

ஒன்று, தொழிற்சாலைகளில் வேலை நேரத்தை 12 மணி வரை நீட்டிக்க வழி செய்த திருத்த மசோதா. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் கொந்தளித்தன. மூன்றே நாளில் அதை நிறுத்தி வைத்தார்கள். மே தினத்தன்று வாபஸ் என்று அறிவித்தார்கள்.

இன்னொன்று, தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) மசோதா. விவாதமே இல்லாமல் நிறைவேறியது. அந்த ஆண்டிலேயே ஆளுநரின் ஒப்புதலும் கிடைத்து சட்டமாகிவிட்டது.

இந்த இரண்டாவது மசோதாவில் என்ன இருந்தது? 100 ஹெக்டேருக்குக் குறையாத ஒரு திட்டத்தை அரசு 'சிறப்புத் திட்டம்' என்று அறிவிக்கலாம். அந்த நிலப்பரப்புக்குள் ஏரி, ஓடை, வாய்க்கால் இருந்தால், நிபுணர் குழுவின் அறிக்கையைப் பெற்று அவற்றையும் சேர்த்தே நிலத்தை ஒருங்கிணைக்கலாம். பரந்தூர் விமான நிலையத்தை மனதில் வைத்துத்தான் இது என்று அப்போதே பேச்சு அடிபட்டது. அந்தத் திட்டப் பகுதிக்குள் ஏரிகள் இருந்தன. நீர்நிலைகளைப் பாதுகாத்துக்கொண்டே நிலத்தை ஒருங்கிணைக்கத்தான் சட்டம் என்பது அரசுத் தரப்பு வாதம்.

இருக்கலாம். ஆனால், ஏரி என்பது இங்கிருந்து தூக்கி அங்கே வைக்கிற தண்ணீர்த் தொட்டி இல்லையே! மேட்டிலிருந்து வரத்துக் கால்வாய் வழியாகத் தண்ணீர் வர வேண்டும். மதகு வழியாக வயலுக்குப் போக வேண்டும். நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஊர் ஏரிக்குப் போக வேண்டும். நிலத்தின் சரிவு பார்த்து, ஒன்றின் கழுத்தில் இன்னொன்றைக் கோத்த மாதிரி நம் முன்னோர்கள் செய்து வைத்த ஏற்பாடு இது. நடுவில் ஒன்றை எடுத்துவிட்டு, அதே பரப்பளவில் வேறு இடத்தில் குழி வெட்டினால் தண்ணீர் தானாக அங்கே திரும்புமா? கீழே இருக்கிற ஏரிகள் என்னாகும்? மழைக்காலத்தில் அந்த வெள்ளம் எந்த ஊருக்குள் போகும்?

இதைக் கேட்க விஞ்ஞானி வேண்டாம். மதகு திறக்கிற நீர்க்கட்டி கேட்பார். "ஏன் சார், மேல ஏரிய மூடிட்டா கீழ ஏரிக்கு எங்கேருந்து தண்ணி வரும்?" இந்த ஒரு வரிக் கேள்விக்குக்கூட 234 பேர் கொண்ட அவையில் அன்று நேரம் ஒதுக்கப்படவில்லை.

ஒரே நாள், ஒரே சபை. ஒரு மசோதா பத்து நாளில் காலி. இன்னொன்று சட்டம். காரணம் எளிது. தொழிலாளிக்கு சங்கம் உண்டு, ஓட்டு உண்டு. ஏரிக்கு இரண்டும் கிடையாது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. டெல்லி தோண்டினால் அநியாயம், நாமே தோண்டினால் திட்டம்! மதுரை மேலூர் பக்கம் டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து 2024 டிசம்பர் 9-ம் தேதி இதே சபை ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் ஏலமே ரத்தானது. மக்கள் தெருவில் இறங்கினார்கள், சபையும் கூடவே நின்றது. அந்த ரோஷத்தில் பாதி, சொந்த அரசின் மசோதா வரும்போது ஏன் வருவதில்லை?

இது ஒரு கட்சியின் வியாதி இல்லை. 2020 பிப்ரவரியில் அ.தி.மு.க. ஆட்சி காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் கொண்டுவந்தது. நல்ல காரியம். ஆனால் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த திட்டங்களுக்கு அதில் விலக்கு இருந்தது. கொண்டுவந்த அன்றே நிறைவேற்றினார்கள். தெரிவுக் குழுவுக்கு அனுப்புங்கள் என்று கேட்டு வெளிநடப்புச் செய்தது, அன்று எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க. கேட்டது நியாயம்தான். ஆனால் மூன்று வருடம் கழித்து ஆளுங்கட்சி வரிசையில் உட்கார்ந்ததும் அந்த நியாயம் மறந்துவிட்டது.

அவசரமாகச் செய்கிற சட்டத்தில் ஓட்டை விழும். 2007-ல் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் ஒரு சட்டம் வந்தது. எந்த ஏரிகளுக்கு? பொதுப்பணித் துறை வசம் இருந்தவற்றுக்கு. தமிழ்நாட்டில் மொத்தம் 39,000-க்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்கள். அதில் அந்தத் துறையிடம் இருந்தது சுமார் 14,000. மிச்சமெல்லாம்? ஊராட்சி ஒன்றியத்தின் சின்னக் கண்மாய்க்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை.

"அப்போ வளர்ச்சியே வேணாமா?" என்று ஒரு கேள்வி வரும். வேண்டும். விமான நிலையமும் வேண்டும், தொழிற்சாலையும் வேண்டும். மசோதாவைக் கிழித்துப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை, படியுங்கள் என்கிறேன். கேரளாவில் மசோதாக்கள் துறைவாரியான குழுக்களுக்குப் போய்வருவது சாதாரண நடைமுறை. அங்கேயும் எல்லாம் பத்தரைமாற்றுத் தங்கம் இல்லை. 2008-ல் வயலையும் சதுப்பு நிலத்தையும் காக்கச் சட்டம் போட்டவர்கள், 2018-ல் அதைத் தளர்த்தினார்கள். ஆனாலும் நாலு பேர் உட்கார்ந்து வரி வரியாகப் பார்க்க ஓர் இடம் இருக்கிறது.

நம் சட்டசபையிடம் மூன்று விஷயங்கள் கேட்போம். நீர், நிலம், காடு, கடற்கரையைத் தொடுகிற எந்த மசோதாவையும் 30 நாள் முன்னதாகத் தமிழில் வெளியிடுங்கள். மத்திய அரசு தன் மசோதாக்களுக்கு இப்படி ஒரு முறையை 2014-லேயே எழுதி வைத்திருக்கிறது. அது ஒழுங்காகப் பின்பற்றுவதில்லை என்பது வேறு கதை. இரண்டாவது, இத்தகைய மசோதாக்களைத் தெரிவுக் குழுவுக்கு அனுப்புங்கள். விவசாயியையும் மீனவரையும் கூப்பிட்டுக் கேளுங்கள்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. "ஆம் என்போர்... இல்லை என்போர்..." என்று குரல் வாக்கெடுப்பில் முடித்தால், யார் 'ஆம்' சொன்னார், யார் வாயே திறக்கவில்லை என்பது எந்தப் பதிவிலும் இருக்காது. இந்த மசோதாக்களுக்காவது பெயர் சொல்லி வாக்கெடுங்கள்.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. அதில் மனிதத் தவறுகளின் பங்கு என்ன என்று சொன்ன தணிக்கை அதிகாரியின் அறிக்கை, 2018 ஜூலையில்தான் சபைக்கு வந்தது. வெள்ளம் வடிந்து இரண்டரை வருடம் கழித்து அறிக்கை படிப்பதைவிட, மசோதாவை முன்கூட்டியே படிப்பது மலிவு. உங்கள் எம்.எல்.ஏ.வுக்கு ஒரு கடிதம் போடுங்கள். சிபாரிசு எதுவும் வேண்டாம், ஏரியைப் பற்றி சபையில் நீங்கள் கேட்ட கேள்வி என்ன என்று மட்டும் கேளுங்கள். ஏரிக்கு ஓட்டு இல்லாவிட்டாலும் உங்களுக்கு இருக்கிறது. அவர் அதை மறக்க மாட்டார்.