மல்லாவி முதலில் வரவேண்டும்

பொத்தான், நாட்காட்டி, அட்டவணை போன்ற திரை உறுப்புகளை மென்பொருள் எழுதுபவர்கள் ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்வதில்லை. ஆயத்தமாக வாங்கிப் பொருத்துகிறார்கள். 1991இல் வந்த விஷுவல் பேசிக் என்ற நிரலாக்க மொழி, அவற்றைச் செய்து விற்கும் தொழிலுக்கு வழி திறந்தது. 2001இல் தொடங்கிய சின்க்ஃபியூஷன் நிறுவனத்தின் சென்னை அலுவலகத்தில் இன்று இதுதான் முக்கிய வேலை.

என் மனம் தங்குவது அட்டவணையில். லட்சம் வரிசை இருந்தாலும் கண்ணுக்குத் தெரியும் சிலவற்றை மட்டுமே நல்ல அட்டவணை வரைகிறது. தள்ளத் தள்ள அதே வரிசைகள் அடுத்த தரவை ஏந்தி வரும். எங்கள் ஊரான புதுக்குடியிருப்பில் பழைய கைபேசியில் திறந்தாலும் திணறாது. என்ன அழகான சிக்கனம்!

தமிழைக் கொடுத்தால்தான் அதன் நுணுக்கம் தெரியும். யுனிகோட் எண் வரிசையில் ‘ன’ எழுத்து ‘ந’ எழுத்தை அடுத்தே நிற்கிறது; நம் நெடுங்கணக்கிலோ அது கடைசி மெய். ஆகவே எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் அட்டவணை, ஊர்ப்பெயர்களில் மன்னாரை முன்னும் மல்லாவியைப் பின்னும் வைக்கும். தமிழ் அடுக்குமுறை அறிந்த அட்டவணை மல்லாவியை முதலில் வைக்கும். உலாவிகளில் இதற்கான வசதி ஏற்கெனவே உண்டு; செய்பவர் அதை அழைக்கவேண்டும், அவ்வளவுதான்.

இந்த உறுப்புகளை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி செய்யும் அடுத்த வேலை இன்னும் அவசரமானது. 2009இல் முடிந்த இலங்கைப் போரில் கையையும் கண்ணையும் இழந்தவர்கள் வாழும் ஊர் எங்களுடையது. திரை வாசிப்பான்களுக்காக இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2014இலேயே ‘ஏரியா’ (ARIA) என்ற அணுகல் தரத்தை வெளியிட்டுவிட்டது. சுட்டியின்றி, விசைகளால் மட்டும் ஒரு நாட்காட்டியில் திகதியைத் தெரிவுசெய்ய முடியவேண்டும். தெரிவுசெய்த திகதியைத் திரை வாசிப்பானின் குரல் தமிழில் சொல்லவேண்டும்.