வேளாண்மைத் தோற்றம்: இரு கலைச்சொற்கள் குறித்து

தொடக்கநிலைப் புதிய கற்கால ஊர்களைப் பற்றித் தமிழில் எழுதுவோர் இரண்டு சொற்களைத் தயக்கமின்றி ஆள்கின்றனர். ஒன்று ‘புரட்சி’, மற்றொன்று ‘பழக்குதல்’. இவை பொருளைத் திரிக்குமாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

புதிய கற்காலப் புரட்சி என்னும் கருத்தைக் கார்டன் சைல்ட் 1936இல் தம் நூலில் விளக்கினார். தொழிற்புரட்சியே அவர் கொண்ட ஒப்புமை. வாழ்வின் அடிப்படை மாறியதையே அவர் சுட்டினார். திடீர் நிகழ்ச்சி ஒன்றையன்று. தமிழ்ப் ‘புரட்சி’யோ ‘புரள்’ என்னும் அடியின் சாயலால் கவிழ்ப்பையும் விரைவையும் உணர்த்திவிடுகிறது.

விரைவு பற்றிய வினா ஆய்வாளரிடையேயும் எழுந்ததுண்டு. அரிவாளால் அறுத்தோ வேருடன் பிடுங்கியோ அறுவடை செய்து, அம்மணிகளையே விதைத்துவந்தால், காட்டுக் கோதுமை 200 ஆண்டுகளுக்குள் உதிராக் கதிருடைய பயிராகக்கூடும் என ஹில்மனும் டேவிசும் 1990இல் கணித்தனர். ஆனால் வட சிரியாவிலும் தென்கிழக்குத் துருக்கியிலும் அகழ்ந்தெடுக்கப்பட்ட கரிந்த கதிர்த்துண்டுகளை ஆராய்ந்த தன்னோவும் வில்காக்சும், உதிராக் கதிர்களின் விகிதம் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மெல்ல மெல்ல உயர்ந்தமையை 2006இல் காட்டினர். எனவே சைல்டின் கொள்கையைப் பெயர் சுட்டிக் கூறுமிடத்துப் ‘புரட்சி’ நிற்கலாம். நிகழ்வை விளக்குமிடத்து ‘மாற்றம்’ என்பதே தகும்.

இரண்டாம் சொல் தரும் இடர் இன்னும் பெரிது. காட்டுப் புல்லின் மணி முற்றியதும் தானே உதிரும். வயற்பயிரின் மணி அறுப்பவரை எதிர்நோக்கிக் கதிரிலேயே நிற்கும். இது மரபுவழி மாற்றம். ‘பழக்குதல்’ அதனைக் குறிக்காது. யானையைப் பழக்குகிறோம், அதன் கன்றையும் மீண்டும் பழக்கவே வேண்டும். தனி உயிர் பழகுகிறது, இனம் மாறுவதில்லை. பயிரிலோ இனமே மாறுகிறது. இதற்கு ‘வளர்ப்பினம்’ என்னும் அடி பொருந்தும்.

அவ்வடியினின்று ‘வளர்ப்பினமாதல்’, ‘வளர்ப்பினமாக்கல்’ என இரு வடிவங்கள் கிடைக்கின்றன. ஆங்கிலப் பெயர்ச்சொல் செய்தவர் யார் என்பதை மறைத்து நிற்கும். தமிழில் தன்வினை, பிறவினை என ஒன்றைத் தெரிந்தே ஆகவேண்டும். ‘ஆக்கல்’ என்றால் உழவர் அறிந்து செய்தனர் என்றாகும். ‘ஆதல்’ என்றால் அறுத்தும் விதைத்தும் வந்ததன் விளைவாக, அவர் எண்ணாமலே நிகழ்ந்தது என்றாகும். ஹில்மன், டேவிஸ் கணிப்பும் அத்தகைய எண்ணாத தெரிவையே முதன்மைப்படுத்துகிறது. ஆகவே தொடக்கநிலை ஊர்களைப் பற்றி எழுதுகையில் ‘ஆதல்’ வடிவமே ஏற்புடையது. பிற்காலத்தில் உழவர் தேர்ந்து வளர்த்த வகைகளுக்கு ‘ஆக்கல்’ பொருந்தும். இவ்வேறுபாட்டைப் பேணாத மொழிபெயர்ப்பு, மூலநூலார் கூறாத கொள்கையொன்றை அவர்மேல் ஏற்றிவிடும்.