ஒரு வினாடிக் காத்திருப்பு

ஊப்ஸ் விழுந்த கெர்னலைத் துப்பறிவதை நான் பெரிய வித்தையாக எண்ணுவதில்லை. எந்த வரியில் விழுந்தோம், அப்போது எந்தப் பதிவேட்டில் என்ன முகவரி இருந்தது என்று செத்தவனே எழுதி வைத்துவிட்டுச் சாகிறான். ரேஸ் தேடுகிறவர்கள் மேல் மரியாதை உண்டு, ஆனால் பொறாமை இல்லை. ஒரு பிரிண்ட்கே வரியைச் சேர்த்த மறுநிமிஷம் ஓடி ஒளிந்துகொள்ளும் பிழையோடு வாழ்வதற்குத் தனிப் பொறுமை வேண்டும். எனக்குப் பிடித்தது பூட்டிக்கொண்டு நிற்கும் கெர்னல், அதிலும் என்எஃப்எஸ் சர்வர். பிங் போட்டால் பதில் வரும். மின்விசிறி சுற்றும். சிபியூவுக்கு வேலையே இருக்காது. என்எஃப்எஸ்டி த்ரெட் எட்டும் டி நிலையில் நிற்கும், கில் மைனஸ் ஒன்பது போட்டாலும் அசையாது. எதுவும் உடைந்திருக்காது, யாரும் தவறு செய்திருக்க மாட்டார்கள். போய் ஒட்டுக்கடையில் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வந்தாலும் எல்லாரும் அதே இடத்தில் அப்படியே நிற்பார்கள். இவ்வளவு விருந்தோம்பல் உள்ள பிழை வேறு உண்டா?

எனக்கு இந்தப் பித்து பிடித்தது 2003இல், ஈப்போ பழைய டவுனில் ஒரு நில அளவை வரைபட அலுவலகத்தில். பேராக்கில் ரப்பர் தோட்டங்களைத் துண்டு போட்டு வீடமைப்புக்கு விற்றுக்கொண்டிருந்த காலம். லயம் இருந்த இடத்தில் மாடி வீட்டு வரிசை, பெரட்டுக்களம் இருந்த இடத்தில் வாகன நிறுத்தம் என்று நாள் முழுக்கக் கோடு போடுவதுதான் அங்கே வேலை. வரைபடங்கள் எல்லாம் ஒரே லினக்ஸ் சர்வரில் இருந்தன. கெர்னல் 2.4, நினைவகம் 256 எம்பி. எந்த இயந்திரத்தில் உட்கார்ந்தாலும் கோப்பின் பாதை ஒன்றாக இருக்கட்டும் என்று, சர்வர் ஏற்றுமதி செய்த அடைவை அந்தச் சர்வரிலேயே என்எஃப்எஸ் வழியாக மவுண்ட் செய்து வைத்திருந்தார்கள். அப்படி வைத்த புத்திசாலி நான்தான்.

ஒரு மத்தியானம், வரைபடம் போடும் பெண் எட்டிப் பார்த்து, "அண்ணே, சேவ் குடுத்தேன், அப்படியே நிக்குது" என்றார். பக்கத்திலிருந்த தம்பியின் கை பவர் பட்டன் பக்கம் போய்விட்டது. "தொடாதடா" என்று நான் கத்தியது மாடி வரைக்கும் கேட்டிருக்கும்.

ஆல்ட், சிஸ்ரிக், டி. அன்றைய கெர்னலின் பதிவு இடம் 16 கேபிதான். த்ரெட் பட்டியல் முழுசாக வருவதற்குள் முதலில் வந்தது அழிந்துவிடும். அதனால் சீரியல் கேபிள், 9600 பாட், ஒரு வினாடிக்கு 960 எழுத்து. இருநூறு புராசஸின் ஸ்டேக் இறங்கி முடிய ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆனது. அந்த ஐந்து நிமிஷத்தை இன்றைக்கும் நினைத்து நினைத்து ரசிக்கிறேன். வரி வரியாக இறங்க இறங்க ஒவ்வொருவராக முகம் காட்டினார்கள். 2.4 பெயர் சொல்லாது, வெறும் முகவரி தரும். சிஸ்டம் மேப்பை அச்செடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இந்த முகவரி எந்த இரண்டு பெயருக்கு நடுவே விழுகிறது என்று விரலால் தேட வேண்டும். ஸ்டேக்கில் கிடக்கும் எண்களில் கெர்னல் முகவரி போலத் தெரிவதையெல்லாம் அது கொட்டும். பாதிக்குப் பாதி பழைய அழைப்புகளின் எச்சம். எது உயிரோடு இருப்பது, எது போன மழைக்கு ஒதுங்கியது என்று பிரிப்பதில்தான் கை பழக வேண்டும். பிறகு வந்த கெர்னல்கள் சந்தேகமான வரிக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி போட்டுக் கொடுத்தன. 4.14இல் ஸ்டேக்கைப் பிரித்துத் தரும் ஓஆர்சி வந்ததும் உயிரோடு இருக்கும் வழி சலவைக்குப் போய்வந்த வேட்டி மாதிரி பளிச்சென்று ஆகிவிட்டது. நல்லதுதான். ஆனால் எனக்கு அந்தக் கேள்விக்குறிகள் மேல் இன்னும் ஆசை. வாழும் அழைப்பு வழியை மட்டும் படிப்பவனுக்கு, அதே த்ரெட் சற்று முன்னால் எந்த வழியாகப் போய்வந்தது என்கிற ஊர்க்கதை தெரியாமலே போகிறது.

எட்டில் ஏழு ஸ்டேக் அச்சு அசலாக ஒன்று. ஒரே கோப்பின் செமஃபோருக்காக வரிசையில் நின்றன. இதில் பயிற்சி இல்லாதவர் ஏழையும் படிப்பார். படிக்க வேண்டியது எட்டாவதை. அது அந்தச் செமஃபோரைக் கையில் வைத்துக்கொண்டு, எழுத ஒரு பக்கம் கேட்டுப் போயிருந்தது. நினைவகம் தட்டுப்பாடு. ஏதாவது அழுக்குப் பக்கத்தை வெளியே தள்ளிக் காலி செய்யலாம் என்று கெர்னல் தேடியதில், கையில் கிடைத்தது என்எஃப்எஸ் மவுண்டின் பக்கம். அதைச் சர்வருக்கு அனுப்பிவிட்டுப் பதிலுக்காக நின்றது. சர்வர் யார்? அதே எட்டுப் பேர்.

என் அம்மா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். வெயில் ஏறியதும் பால் வாளியோடு ஸ்டோர் முன்னால் வரிசை நிற்கும், உள்ளே கிராணி நிறுத்துப் பேரேட்டில் எழுதுவார். அந்தக் கிராணியும் ஒரு நாள் காலையில் நிரைக்குப் போய் மரம் வெட்டி, வாளியோடு வரிசையின் கடைசியில் வந்து நின்றுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முறை தவறாத மனிதர், முன்னால் போக மாட்டார். ஸ்டோர் எப்போது திறக்கும் என்று அவரும் எட்டி எட்டிப் பார்க்கிறார். வாளியில் பால் உறைகிறது. என் சர்வர் அன்று அதுதான்.

ஆல்ட், சிஸ்ரிக், பி. வேறு வழி இல்லை. மறுபடி எழுந்ததும் சர்வருக்குள் இருந்த என்எஃப்எஸ் மவுண்டை எடுத்துவிட்டு பைண்ட் மவுண்ட் போட்டேன். 2.4 தொடங்கியதிலிருந்தே இருந்த வசதி, எனக்குத்தான் புத்தி பிந்தியது. அந்தப் பெண்ணின் இயந்திரம் ஹார்ட் மவுண்ட். முக்கால் மணி நேரம் 'சர்வர் பதில் தரவில்லை, இன்னும் முயல்கிறேன்' என்று சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, 'ஓகே' என்று ஒரு வரி போட்டு, விட்ட இடத்திலிருந்து சேவ் செய்து முடித்தது. சர்வர் செத்துப் பிழைத்ததே அதற்குத் தெரியாது. 1984இல் சன் நிறுவனத்தார் சர்வரை மறதிக்காரனாகவும் கிளையன்ட்டைப் பிடிவாதக்காரனாகவும் வடிவமைத்ததன் பலன் இது. சாஃப்ட் மவுண்ட் கட்சிக்காரர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

ஆனால் நான் செய்தது தப்பித்தல்தானே தவிர தீர்வு இல்லை. இந்த முடிச்சுக்கு முறையான தீர்வைப் பார்க்க நான் 2014 வரை காத்திருந்தேன். தந்தவர் ஆஸ்திரேலியாக்காரர் நீல் பிரவுன், என்எஃப்எஸ் சர்வரையும் எம்டி ரெய்டையும் வருஷக்கணக்காகக் கட்டி மேய்த்தவர். லினக்ஸில் எத்தனையோ மேதைகள். எனக்கு இவர் ஒருவர் போதும். அவருடைய பேட்ச்சுகளின் முன்னுரையைப் படியுங்கள். யார் யாருக்காக நிற்கிறார்கள் என்பதை, வழக்கை இரண்டு பக்கமும் கேட்ட பஞ்சாயத்துக்காரர் போலச் சொல்லியிருப்பார்.

3.18 கெர்னலில், ஒரு பக்கத்தை விடுவிக்கச் சொல்லிக் கேட்கும் இடத்தில், என்எஃப்எஸ் கிளையன்ட், எழுதியது வட்டில் பதிந்துவிட்டது என்று சர்வர் உறுதி சொல்லும் கமிட் முடியும்வரை காலவரையின்றி நிற்பதை நிறுத்திவிட்டு, அதிகபட்சம் ஒரு வினாடி மட்டும் நிற்கும்படி மாற்றினார். அவ்வளவுதான். ஏன் என்று பக்கத்திலேயே குறிப்பும் எழுதி வைத்தார்: சர்வர் இதே இயந்திரத்தில் இருந்தால் முடிவில்லாத காத்திருப்பு முடிச்சாகிவிடும்.

இதை மட்டம் தட்டுகிறவர்களை நான் அறிவேன். கடிகாரம் வைத்து டெட்லாக்கை அவிழ்ப்பது மருந்தா, மழுப்பலா என்பார்கள். ஏன் ஒன்று, ஏன் இரண்டு இல்லை? பொதுவாக அவர்கள் சொல்வது சரி. காலக்கெடு வைத்து லாக்கைப் பிடுங்குகிற நிரலை நானும் குப்பையில்தான் போடுவேன். இங்கே லாக்கை யாரும் பிடுங்கவில்லை என்பதைத்தான் அவர்கள் பார்க்கத் தவறுகிறார்கள். அந்த இடத்தில் கெர்னல் கட்டளையிடவில்லை, கேட்கிறது: இந்தப் பக்கத்தை விடுவிக்க முடியுமா? 'இப்போது முடியாது' என்பது எப்போதுமே செல்லுபடியாகும் பதில். வேறு பக்கத்தைப் பார்த்துப் போவார்கள். அங்கே நிற்க வேண்டிய கட்டாயமே முதலிலிருந்து கிடையாது. அந்த ஒரு வினாடி ஒரு வாய்ப்பு மட்டும்: அதற்குள் கமிட் முடிந்தால் பக்கம் கிடைக்கும், முடியாவிட்டால் இல்லை. எந்த நிற்பு கடமை, எந்த நிற்பு வெறும் பழக்கம் என்று பிரித்துப் பார்த்த கண் இருக்கிறதே, அதற்குத்தான் கைதட்டல்.

அவரே 2020இல், 5.8இல், இன்னொரு பழைய ஏற்பாட்டைப் பிரித்துக் கட்டினார். என்எஃப்எஸ்டியின் நெற்றியில் 'நான் நினைவகத்தைத் துடைப்பவன், என்னைக் குறைவாகத் தடு' என்று ஒரு கொடி இருந்தது. அது இருந்தால் அழுக்குப் பக்க வரம்பில் கால் பங்கு கூடுதல் சலுகை. எல்லா எழுத்தையும் ஒரே தராசில் நிறுத்துத் தடுத்த காலத்தில் அந்தக் கால் பங்கு சரியாக இருந்தது. தடுப்பு சாதனத்துக்குச் சாதனம் தனியாகப் போனபின் கணக்கு உதைத்தது. அதனால் கொடியின் பெயரையும் பொருளையும் மாற்றினார். என்எஃப்எஸ்டி எந்த வட்டில் எழுதுகிறதோ அந்த வட்டின் நெரிசலுக்கு மட்டுமே அது காத்திருக்கும். கிராணியை வரிசையில் முன்னால் விடுவதற்குப் பதில், அந்த வரிசையே அவருடையது அல்ல என்று சொல்லிவிட்டார்.

லாக்டெப் வந்தபின் இதெல்லாம் எதற்கு என்று கேட்கும் இளசுகள் உண்டு. 2006இல், 2.6.18இல், இங்கோ மோல்னார் அதைக் கொண்டுவந்தபோது நானும் கும்பிட்டேன். பூட்டுகளின் வரிசை பிசகினால், டெட்லாக் நிகழாமலே அது காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் என் எட்டாவது த்ரெட் நின்றது ஒரு பதிலுக்காக, பூட்டுக்காக அல்ல. இப்படிப் பதிலுக்காக நிற்பதையும் கணக்கில் சேர்க்க 4.14இல் முயன்றார்கள். பொய்ப் புகார்கள் குவியவே 4.15இல் எடுத்துவிட்டார்கள். ஆக, ஸ்டேக்கை உட்கார்ந்து படிப்பவனுக்கு வேலை இன்னும் போகவில்லை.

படிப்பவர்கள்தான் போய்விட்டார்கள். இன்று 120 வினாடி தாண்டி ஒரு த்ரெட் நின்றால் கெர்னலே கூப்பிட்டுச் சொல்கிறது. முழு நினைவகத்தையும் அள்ளி வைக்கக் கேடம்ப் இருக்கிறது. 2005இல் 2.6.13இல் அது சேர்ந்ததில் பெங்களூர் ஐபிஎம்காரர்களின் பங்கு பெரிது, நம் பக்கத்துக் கை என்று எனக்கு அதில் ஒரு தனிப் பெருமை. இவ்வளவும் இருந்தும், சென்ற மாதம் ஒரு பையன் எனக்கு அனுப்பியது கைப்பேசியில் பிடித்த ஒரு படம். கடைசி இருபது வரி. ஏழு பேரில் இரண்டு பேரின் ஸ்டேக். மேலே இருந்தது எங்கேடா என்று கேட்டால், "ரீபூட் ஆயிடுச்சுண்ணே, இப்ப ஓகே" என்கிறான். எட்டாவது ஆள் யார் என்று இனி யாருக்கும் தெரியாது.

அச்செடுத்த அந்தச் சிஸ்டம் மேப் இன்னும் புந்தோங் வீட்டு அலமாரியில் இருக்கிறது. ஓரத்தில் கோப்பிக் கறை, நடுவில் பென்சிலால் எட்டு முகவரி. காகிதத்தின் பின்பக்கம், அலுவலகத்தில் கழித்துக்கட்டிய ஒரு வீடமைப்பு வரைபடம். ஸ்டோர் இருந்த இடத்தில் மனை எண் 114 என்று போட்டிருக்கிறது.